‘தய்யேர்’ என்று ஒரு சொல்: புதுச்சேரியில் ஐந்து நாள்

முதல் நாள், அக்டோபர் 29

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. அப்பா கார் கண்ணாடியை ஏற்றவிடவில்லை. “ஊர் வாசனை வரட்டும்மா” என்றார். அவருக்கு 78 வயது. புதுச்சேரியை விட்டுச் சென்னைக்கு வந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. கல்யாணம், சாவு என்றால் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதோடு சரி. இந்தத் தடவை அவருடைய தாத்தாவைத் தேடி வந்திருக்கிறோம். எனக்கு அவர் கொள்ளுத்தாத்தா.

எங்கள் வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: “சைகோன்ல பெரிய உத்தியோகத்தில இருந்தார்.” போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் நானும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். யாரும் சந்தேகப்படவில்லை. 1862-ல் கொச்சின்சீனா, அதாவது சைகோனைச் சுற்றிய தெற்கு வியட்நாம், பிரெஞ்சுக் காலனி ஆனதிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் போலீஸ், வரி வசூல், சிறைக்காவல், கலங்கரை விளக்கம் என்று அங்கே வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சைகோன் கதை இருந்த ஊர் இது.

மூன்று மாதம் முன்பு ஒரு ராத்திரி, பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கும் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலனிகளில் நடக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளில் ஒரு பிரதியைத் தாய்நாட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று 1776-லேயே பிரெஞ்சு அரசர் ஆணை போட்டிருக்கிறார். பூச்சியும் ஈரமும் காகிதத்தைத் தின்றுவிடும், கப்பல் மூழ்கலாம், ஊர் எரியலாம் என்ற பயம். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு கப்பலேறி, கடல் தாண்டி, 1900களின் தொடக்கத்திலிருந்து எங்கேயோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

பெயர் சரி. அவருடைய அப்பா பெயர் சரி. பெயருக்கு அடுத்து, தொழில் எழுதும் இடத்தில், பிரெஞ்சில் ஒரு சொல். அகராதியைப் பார்த்து வாய்விட்டுப் படித்தேன்: தய்யேர். தையல்காரர். தையல், தய்யேர் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இரண்டு மொழிக்கும் உறவில்லை, தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது.

காலையில் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள், “ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?” என்றார்.

சாயங்காலம் மழை விட்டதும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் கொஞ்சம் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. 1866-ல் கட்டியது, 1952 புயலில் போய்விட்டது. கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்கிற தோணியில்தான் ஆளும் சாமானும் போகும். கொள்ளுத்தாத்தாவும் இங்கிருந்துதான் ஏறியிருப்பார். கையில் என்ன கொண்டு போயிருப்பார்? “கத்தரி கொண்டு போயிருப்பார்” என்றார் அப்பா. தையல்காரர் என்பதை அவர் வாயால் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள், அக்டோபர் 30

காலை முழுக்க ஓர் அலுவலகத்தில் போயிற்று. எதிலே மனு, யாரிடம் கையெழுத்து, எந்தக் கவுண்ட்டர் என்று மூன்று தடவை மாடி ஏறி இறங்கினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம். மதியத்துக்கு மேல் கதவு திறந்தது.

உதவிக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்வதையே வேலையாக வைத்திருப்பவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகத் தாத்தா பாட்டி பதிவுகளைத் தேடி வரும் குடும்பங்கள் இந்த ஊரில் இன்றும் உண்டு, அவர்களுக்கு இப்படி ஒருவர் தேவைப்படும். “முதல்ல பத்து வருஷ அட்டவணையைப் பாருங்க” என்றார். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில் எழுதி வைத்துவிடுவார்களாம். பெயரைப் பிடித்தால் தேதி, தேதியைப் பிடித்தால் பக்கம்.

எங்களுக்கு அகர வரிசை கைகொடுத்ததற்குக் காரணம் குடும்பப் பெயர். அது பிரெஞ்சுப் பெயர். (வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்குக்காக அதை இங்கே எழுதவில்லை.) 1881 செப்டம்பர் 21-ல் வந்த ஆணைப்படி, இந்தியக் குடிமகன் ஒருவர் தன் சாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. கொள்ளுத்தாத்தாவின் அப்பா அப்படித் துறந்தவர். அதற்கு முன் அவருக்கு ‘முத்து’ என்று முடியும் அழகான தமிழ்ப் பெயர் மட்டுமே இருந்தது. அந்தப் பெயரை ஒரு குமாஸ்தா ஒரு விதமாகவும் அடுத்தவர் இன்னொரு விதமாகவும் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆணைக்கு எட்டு வருஷம் முன்பு, 1873-ல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு இந்த ஊர் நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியன் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். புதுச்சேரியில் உரிமைப் போராட்டத்தின் ஒரு முனை காலில் போடும் பூட்ஸில் இருந்தது என்றால், மற்றொரு முனை உடம்பில் போடும் கோட்டில் இருந்திருக்காதா? அந்தக் கோட்டை யார் வெட்டினார், யார் தைத்தார் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

திருமணப் பதிவின் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். நாலு சாட்சிகளில் இருவர் தய்யேர், ஒருவர் சமையல்காரர், ஒருவர் எழுத்தர். தேதியைக்கூட எண்ணில் எழுதாமல் எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து. தமிழில். ஒரு எழுத்திலிருந்து அடுத்ததுக்குப் பேனா தூக்காமல், தையல் ஓடுவது மாதிரி சாய்ந்து போகிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அப்புறம் இங்கே வந்து கிடைத்த இரண்டு பதிவுகள். ஒன்று, 1920களின் நடுவில் நடந்த மூத்த மகளின் திருமணம். பெண்ணுக்கு 21 ஆகவில்லை, தகப்பன் சம்மதம் வேண்டும். தகப்பன் எங்கே? “தையல்காரர், சைகோனில் வசிப்பவர், நேரில் வரவில்லை, நோட்டேர் (பத்திரம் எழுதும் அதிகாரி) முன் எழுதிய சம்மதப் பத்திரம் இணைப்பு” என்று பெரியவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஆக, சைகோன் உண்மை. உத்தியோகம்தான் பொய். அவர் அங்கேயும் தைத்துக்கொண்டுதான் இருந்தார். மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல், யாருடைய கல்யாணத்துக்கோ சட்டை தைத்துக்கொண்டு.

அடுத்தது அவருடைய இறப்புப் பதிவு. 1950. தொழில் என்ற இடத்தில் ‘சான் ப்ரோஃபெஸ்ஸியோன்’. தொழில் இல்லாதவர்.

அப்பா அந்தச் சொல்லை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். “வயசானவங்களுக்கு அப்படித்தான் எழுதுவாங்க சார். உங்க பாட்டியம்மாவுக்கும் பாருங்க, எல்லாப் பதிவிலயும் அதேதான்” என்றார் பெரியவர். ஆமாம், ஆயாவின், அதாவது என் கொள்ளுப்பாட்டியின், பெயருக்குப் பக்கத்தில் அவள் மணப்பெண்ணாக நின்ற நாளிலிருந்தே அந்தச் சொல்தான். மூன்று மாதமாக அந்தப் பக்கத்தைப் பார்த்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

வெளியே வந்து ரொம்ப நேரம் கழித்து அப்பா சொன்னார்: “அது சரியில்லை.”

மூன்றாம் நாள், அக்டோபர் 31

காரைக்கால். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாக மழையிலேயே போய் மழையிலேயே திரும்பினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. குடும்பம் காரைக்காலிலிருந்து வந்தது என்பதற்குத் திருமணப் பதிவில் ‘பிறந்த ஊர்’ என்ற ஒரு வரிதான் சாட்சி. பங்குத்தந்தை அன்பாக அலமாரியைத் திறந்துவிட்டார். ஞானஸ்நானப் பதிவேட்டில் எங்களுக்கு வேண்டிய வருஷங்களின் பக்கங்கள் அப்பளம் போல நொறுங்குகின்றன. செல்லரித்த ஓட்டைகளுக்கு நடுவே லத்தீனில் இருந்த பாதிப் பெயர்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆசைக்காக ஒரு பெயரைப் பிடித்து இதுதான் என்று சொல்வது பாவம் என்று மூடி வைத்தேன்.

கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்குத் திருமணப் பதிவில் போட்டிருக்கும் தொழில், நெசவாளர். புதுச்சேரிச் சீமையின் நீலத்துணியைப் பிரெஞ்சு வியாபாரிகள் செனகல் வரை கொண்டுபோய் அங்கே பிசினுக்கு மாற்றினார்கள். அவுரிச் சாயத்தில் தோய்த்த அந்தத் துணிக்கு கினே என்று பெயர். அவர் நெய்தது அதுதானா, தெரியாது. நெய்தவரின் மகன் வெட்டித் தைப்பவரானார், அது வரைக்கும் சரி.

இதே காரைக்காலிலிருந்து ரெயூனியன் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்கள். அரசலாற்றுப் பாலத்தில் நின்றபோது அப்பா அதைத்தான் சொன்னார். “கையில ஒரு தொழில் இருந்ததால இவர் தப்பிச்சார் போல.”

நான்காம் நாள், நவம்பர் 1

இன்று புதுச்சேரி விடுதலை நாள். 1954-ல் இதே தேதியில்தான் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. அலுவலகங்கள் மூடல், கடற்கரையில் கொடியும் அணிவகுப்பும். நாங்கள் நெல்லித்தோப்பில் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை அப்பாவுக்கு ஆறு வயது மூத்தவர். கால் நடக்காது, ஞாபகம் நடக்கும்.

“தையக்காரர்னு இப்பத்தான் தெரியுமா உங்களுக்கு?” என்றார் அத்தை. “எனக்குத் தெரியுமே.”

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?”

“அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க தம்பி. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வந்தவங்க எல்லாம் மிலித்தேர் (ராணுவம்), துவான் (சுங்கம்)னு பென்ஷன்காரக் குடும்பம். தாத்தா என்ன பண்ணாருன்னு கேட்டாங்க. அம்மா சைகோன்ல உத்தியோகம்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவை சொன்னா அப்புறம் எல்லாருக்கும் அதையே சொல்லணும் இல்லையா?”

அறுபது வருஷத்துக்கு முன் ஒரு கூடத்தில், காபி டம்ளர்களுக்கு நடுவே சொன்ன ஒரு பதில். அதில்தான் அவர் தொழில் மறைந்துபோயிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. என் பாட்டி அந்த நிமிஷம் என்ன பயந்திருப்பாள் என்று நினைத்தால் வருத்தமாக இருந்தது.

தையல் மிஷின் உள்அறையில் சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது, மேலே பூத்துணி விரித்து. சிங்கர். தங்க நிறப் பூ வேலைப்பாடு கைபடும் இடத்தில் மட்டும் தேய்ந்து கறுப்பாகிவிட்டது. அடித்தட்டில் தூசியைத் துடைத்தால் எண் தெரிந்தது. ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. சிங்கர் மிஷின்களின் எண்ணை வைத்து எந்த ஆலை, எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். ‘ஒய்’ என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை, 1920களின் தொடக்கத்திலிருந்து 1930களின் நடுவரை. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த மிஷின் என்றுதான் அத்தை இவ்வளவு நாள் சொல்லிவந்தார். கணக்கு ஒத்துவரவில்லை. கல்யாணம் நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இந்த மிஷின் உலகத்திலேயே வந்திருக்கிறது.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ சைகோன் காசுதான். முதல்ல எல்லாம் கையால தைச்சேன்னு தாத்தா சொல்வார். ஆயா காஜா எடுப்பாங்க, பட்டன் கட்டுவாங்க. ராத்திரி சிமினி விளக்கில. ஆயாவுக்கு இந்த விரல் நுனி கல்லு மாதிரி இருக்கும்” என்று தன் நடுவிரலைக் காட்டினார். தொழில் இல்லாதவள் என்று எல்லாப் பதிவிலும் எழுதியிருந்த அதே ஆயா.

அப்புறம்தான் அத்தை மிஷினின் இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். பாபின்கள், உடைந்த ஊசிகள், துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டு ஒன்று. அடியில் அளவு நோட்டு.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. முதுகு பிய்ந்து, அவரே நூல் கோத்துத் தைத்திருக்கிறார், நெருக்கமான சின்னத் தையல்கள். உள்ளே பென்சிலில் தமிழ். பெயர்கள் குறைவு, அடையாளங்கள்தான்: ‘சாவடி எழுத்தர்’, ‘கப்ஸ் கோயில் சாமியார்’ (கப்ஸ் கோயில் இங்கே ஒரு மாதா கோயில்), ‘பொலீஸ், உயரம்’. சில பக்கங்களில் துணியின் ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார். ஊசி துருப்பிடித்து, துணியைச் சுற்றிப் பழுப்பு வட்டம். வெள்ளை டிரில். காக்கி.

எண்கள்தான் புரியவில்லை. மார்பு 96, இடுப்பு 82, கை 59. நான் போகும் டெய்லர் மார்பு 36 என்பார். 96 இஞ்ச் மார்பு எந்த மனிதனுக்கு இருக்கும்? அப்பாதான் சட்டென்று பிடித்தார். “சென்டிமீட்டர்மா. பிரெஞ்சுக்காரன் ஊர்.” மெட்ரிக் அளவைக்கு இந்தியாவில் சட்டம் வந்தது 1956-ல்தான். கோட்டக்குப்பம் எல்லையைத் தாண்டினால் அன்றும் இஞ்ச், இன்றும் தையல் கடையில் இஞ்ச். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் மனித உடம்புகளைச் சென்டிமீட்டரில் எழுதியிருக்கிறார். எந்த அரசாங்கப் பதிவையும் விட இந்தப் பக்கங்களில் அவர் எனக்குக் கிட்டத்தில் தெரிந்தார்.

எழுதிய கடைசிப் பக்கத்தில் வேறு கை மாதிரி எழுத்து நடுங்குகிறது. ‘பாப்பா. மார்பு 60. தோள் 27. உயரம் 78. கை பஃப்.’ கீழே ஒரு துண்டு வெள்ளை மல்.

அத்தை நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. “இது நான்தான். புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) தைச்ச கவுன். திண்ணையில நிக்க வச்சு அளந்தார். மூச்சு விடு பாப்பா, மூச்சு புடிச்சா சட்டை புடிக்கும்னார். நான் புதுநன்மை வாங்கி ஒரு மாசத்தில போய்ட்டார்.”

ஒரு மாசம்! தொழில் இல்லாதவர் என்று குமாஸ்தா எழுதுவதற்கு ஒரு மாசம் முன்பு வரை அவர் பஃப் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்தாம் நாள், நவம்பர் 2

கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறைக்குக் காலையிலேயே போய்விட்டோம். வாசலில் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் விற்பவர்கள், உள்ளே குடும்பம் குடும்பமாகப் புல் பிடுங்கிக் கல்லைக் கழுவுகிறவர்கள். பெயிண்ட் டப்பாவும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, மங்கிப்போன பெயர்களுக்கு மேல் மறுபடி எழுதிக் கொடுப்பவர்கள் வரிசைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளுத்தாத்தாவின் கல்லறை சுவரோரத்தில். சின்ன சிமென்ட் சிலுவை. அத்தையால் வர முடியாததால் அவர் வீட்டு செம்பருத்தியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆயாவும் அதே குழியில்தான் என்று அத்தை சொல்லித்தான் தெரியும், சிலுவையில் அவள் பெயர் இல்லை.

அப்பா பெயிண்ட் தம்பியைக் கூப்பிட்டார். பெயரும் வருஷமும் மேலேயே மறுபடி எழுதச் சொன்னார். ஆயாவின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். அப்புறம், “கீழே தையல்காரர்னு போடுப்பா” என்றார்.

“தமிழ்லயா, பிரெஞ்சுலயா சார்?”

“தமிழ்ல.”

“ரெண்டு பேர் இருக்கே. யாருக்குன்னு தெரியாதே?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “தையல்காரர்கள்னு எழுதுங்க.”

இடம் குறைவாக இருந்தது. ஒரே வரியில் வராது, இரண்டாக உடைத்துப் போடட்டுமா என்று கேட்டான். உடைக்க வேண்டாம் என்றார் அப்பா. அவன் விரலால் அகலத்தை அளந்து பார்த்து, எழுத்தைச் சின்னதாக்கி, ‘கள்’ சிலுவையின் விளிம்பு வரை போய் முட்ட, எழுதி முடித்தான். மறுபடி தூற ஆரம்பித்தது. பெயிண்ட் காய அரை மணி நேரம் ஆகும் என்றான். நானும் அப்பாவும் குடையைச் சிலுவைக்குப் பிடித்துக்கொண்டு நின்றோம்.